கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் நடுவில், சென்னை எழும்பூர் நிலையத்தில் கும்பகோணம் செல்லும் தொடர்வண்டியில் இரு பெண்கள் ஏறி அமர்ந்தனர். ஒருவர் கோமளத்தம்மாள், மற்றவர் அவருடைய மருமகள் ஜானகி. வழியனுப்ப வந்திருந்தவர் கோமளத்தம்மாளின் மூத்த மகன் சீனிவாச இராமானுஜன். அவருக்கு அப்போது வயது 26. இன்னும் சில நாள்களில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டும். அப்படியிருக்க, கப்பல் துறை வரை வந்து வழியனுப்பக்கூடிய தாயையும் மனைவியையும் அவர் ஏன் முன்னதாகவே ஊருக்கு அனுப்பிவைத்தார்? கப்பலேறும் முன் தம் குடுமி நீக்கப்படும். வேட்டியும் அங்கவஸ்திரமும் போய்க் காற்சட்டையும் கழுத்துப்பட்டையும் வரும். அந்தக் கோலத்தில் தம்மை அவ்விருவரும் காண வேண்டாம் என்று அவர் எண்ணினார்.

ஜானகி தாமும் உடன்வர விரும்பினார். அப்போது அவருக்கு 15 வயது நிறையும் பருவம். படிக்கப் போகும் இடத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளவும் படிப்பைக் கவனிக்கவும் ஒருசேர இயலாது என்று இராமானுஜன் மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்பதே எல்லாருடைய கணக்கும்.

இராமானுஜன் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். பள்ளியில் கணிதப் பரிசுகள் பெற்ற அவர், கல்லூரியில் கணிதம் தவிர வேறு எதையும் படிக்க மனமில்லாமல் உதவித்தொகையை இழந்தார், தேர்விலும் தோற்றார். பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். பகலில் கணக்கேடு, இரவில் தம் சொந்தக் கணக்கு என்று நாள்கள் கழிந்தன. தாம் கண்ட தேற்றங்களைத் தொகுத்து 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி. எச். ஹார்டிக்கு ஒரு மடல் விடுத்தார். முன்னர் வேறு சிலருக்கு எழுதியவை பயன் தரவில்லை. ஹார்டியோ அம்மடலைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் முதல் தரமான கணித அறிஞர் என்று அன்றிரவே முடிவுகட்டினார். உடனே அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்கவும் முயன்றார்.

ஆனால் கடல் கடத்தல் அன்று எளிய செயலன்று. ஆசாரம் மிக்க வைணவ அந்தணக் குடும்பம் அது. கடல் கடந்தவர் சாதிக்குப் புறம்பானவராகக் கருதப்பட்ட காலம். முதலில் இராமானுஜன் மறுத்தார். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்னும் இளம் கணித அறிஞர், ஹார்டியின் வேண்டுகோளின்படி மீண்டும் கேட்டார். இம்முறை இசைவு கிட்டியது. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார், மகனின் வழியில் குறுக்கே நிற்க வேண்டாம் எனக் கனவில் பணித்ததாகத் தாயார் கூறினார் என்பர். கனவு வந்ததோ, மகனின் ஏக்கம் தாய்க்குப் புரிந்ததோ, தடை நீங்கியது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. ஒரு பவுன் அன்று 15 ரூபாய். அத்தொகையில் 50 பவுனை ஊரிலுள்ள தம் குடும்பத்துக்கு அனுப்ப இராமானுஜன் ஏற்பாடு செய்துவிட்டே புறப்பட்டார்.

மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்னும் கப்பல் சென்னையை விட்டு நீங்கியது. துறையில் நின்ற பெரியோர் பலர் வாழ்த்தினர். இராமானுஜனின் கண்களில் நீர் நிறைந்திருந்தது. முதல் சில நாள்கள் கடல்நோய் வாட்டியது. பின்னர் உடல் தேறிற்று. கொழும்பு, ஏடன், சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல் எனக் கப்பல் ஏறத்தாழ நான்கு வாரம் சென்று, ஏப்ரல் 14 அன்று இலண்டனை அடைந்தது.

அங்கே முன்னரே ஊர் திரும்பியிருந்த நெவிலும் அவருடைய தமையனாரும் மகிழுந்துடன் காத்திருந்தனர். அறிமுகமில்லாத நாட்டில் இறங்கும் ஒருவருக்கு, தெரிந்த முகம் ஒன்று கரையில் நிற்பதைவிடப் பெரிய உதவி வேறில்லை. புதிதாக வரும் இந்திய மாணவர்கள் தங்குவதற்கென்று இலண்டன் குரோம்வெல் சாலையில் இருந்த இல்லத்தில் இராமானுஜன் சில நாள் தங்கினார். ஏப்ரல் 18 அன்று கேம்பிரிட்ஜ் சென்று, செஸ்டர்டன் சாலையிலிருந்த நெவிலின் வீட்டிலேயே குடியேறினார். நெவிலின் மனைவி ஆலிசு அம்மையார் அவரை அன்புடன் ஏற்றுக்கொண்டார். அருகில் கேம் ஆறு ஓடியது. காவிரியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது வாய்க்காலாகவே தோன்றியிருக்கும்.

அவருக்கு வந்த முதல் துன்பம் கணிதத்தால் வந்ததன்று, காலணியால் வந்தது. வெறுங்காலுடனோ செருப்புடனோ நடந்து பழகிய பாதங்களை இறுக்கமான தோல் காலணிக்குள் திணிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் வந்ததும் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மென்செருப்பை மாட்டிக்கொள்வார். கழுத்தை இறுக்கும் பட்டையும் அவ்வாறே இடர் தந்தது. குளிரோ, ஊரார் இளவேனில் என்று மகிழும் ஏப்ரலிலேயே அவரை நடுங்கச் செய்தது. இவற்றையெல்லாம் அவர் பெரிதாகக் கூறிக்கொண்டதாகத் தெரியவில்லை. நண்பர்களுக்கு எழுதிய மடல்களில் ஹார்டி, நெவில் ஆகியோரின் எளிமையையும் உதவும் பண்பையுமே வியந்து எழுதினார்.

கணிதத்தைப் பொறுத்தவரை அவர் வந்த மறுநாளே பணி தொடங்கிவிட்டது எனலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இராமானுஜன் பெரும்பாலும் தாமே கற்றவர். இளமையில் அவருக்குக் கிட்டிய முதன்மையான நூல், ஆயிரக்கணக்கான வாய்பாடுகளை விளக்கமின்றி அடுக்கிய ஒரு தொகுப்பு. அதனால், விடையைக் கண்டுவிட்டால் போதும், அதை மெய்ப்பிப்பதற்கு நிறுவல் எதற்கு என்னும் மனப்பாங்கு அவரிடம் வேரூன்றியிருந்தது. அவர் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுவார். காகிதம் வாங்கப் பணமில்லாத காலத்தில் வந்த பழக்கம் அது. அக்குறிப்பேடுகளைப் புரட்டிய ஹார்டி, சில முடிவுகள் முன்பே பிறரால் காணப்பட்டவை, சில பிழையானவை, பல முற்றிலும் புதியவை என்று கண்டார். பகா எண்களைப் பற்றி இராமானுஜன் உறுதியாக நம்பிய சில முடிவுகளே தவறாக இருந்தன.

ஹார்டிக்கு இது பெரும் பொறுப்பாயிற்று. ஐரோப்பிய முறைப்படி எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்பிக்கலாம். ஆனால் அவ்வாறு வற்புறுத்தினால் அவருடைய தன்னம்பிக்கையும் கற்பனையும் வற்றிவிடுமோ என்று அஞ்சினார். கற்பிக்காமல் விட்டாலோ, பிழைக்கும் உண்மைக்கும் வேறுபாடு அறியாமலே அவர் உழைத்துக்கொண்டிருப்பார். எனவே ஹார்டி இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தேர்ந்தார். தேவையானவற்றை உரையாடலின் ஊடே சிறிது சிறிதாகப் புகட்டினார். தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றுக்கொண்டதே மிகுதி என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆசிரியர் ஒருவர் அவ்வாறு எண்ணுவது அரிது. வெளிப்படச் சொல்வது அதனினும் அரிது.

இராமானுஜன் சில வகுப்புகளுக்கும் சென்றார். ஒரு நாள் ஆர்தர் பெரி என்னும் ஆசிரியர் கரும்பலகையில் வாய்பாடுகளை எழுதி விளக்கிக்கொண்டிருந்தார். புதிய மாணவருக்குப் புரிகிறதா என்று இடையிடையே அவரை நோக்கினார். இராமானுஜனின் முகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று கேட்டதும் அவர் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவியிராத முடிவுகள் சிலவற்றைப் பலகையில் எழுதினார். பட்டம் ஏதும் பெறாமல், இரு கல்லூரிகளில் தேர்வில் தவறியவர் அவர் என்பதை அவ்வகுப்பில் எத்தனை பேர் அறிந்திருந்தனரோ!

சூன் மாதத்தில் அவர் நெவிலின் வீட்டிலிருந்து கல்லூரிக்கு உரிய ஹியூவெல் முற்றத்தின் அறைகளுக்குக் குடிபெயர்ந்தார். நூலகமும் ஹார்டியின் அறையும் இதனால் அண்மையில் கிடைத்தன. ஆனால் வீட்டின் அரவணைப்பு நீங்கியது. கல்லூரி மாணவர் அனைவரும் பெரிய கூடத்தில் ஒன்றாக உணவு கொள்வது வழக்கம். நட்பும் பழக்கமும் முளைப்பது அங்கேதான். இராமானுஜன் அங்கே செல்லவில்லை. புலால் உண்ணாமை அவருக்கு வெறும் பழக்கமன்று, அறமாகவே இருந்தது. காய்கறி என்று தருவதும் கொழுப்பில் வதக்கியதாக இருக்குமோ, புலால் சமைத்த கலத்தில் வெந்ததாக இருக்குமோ என்னும் ஐயம் அவரை விடவில்லை. எனவே தம் அறையிலேயே சிறு அடுப்பு வைத்துத் தாமே சமைத்தார். சமைக்கும் முன் வெளியே உடுத்திய உடையைக் களைந்து வேற்றுடை அணியாமல் அடுப்பருகே செல்வதில்லை. கும்பகோணத்தில் தாயார் மடியுடுத்திச் சமைத்ததைக் கண்டு வளர்ந்தவர், அந்த ஒழுங்கை அயல்நாட்டிலும் தம்மால் இயன்றவாறு காத்தார்.

விதை நீக்கிய புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் அஞ்சலில் அனுப்புமாறு ஊருக்கு எழுதினார். பொதி வந்து சேர வாரங்கள் ஆகும். வராத நாளில், சோற்றில் உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசைந்து உண்டார். நாவைத் தாம் முழுதும் அடக்கிவிட்டதாகவும், அவ்வுணவைக் கொண்டே எத்தனை நாளும் வாழ இயலும் என்றும் நண்பர் ஒருவருக்கு எழுதினார். எழுதும்போது அது வெற்றியாகத் தோன்றியிருக்கலாம். உடலின் கணக்கு வேறு. ஆராய்ச்சியில் மூழ்கிவிட்டால் இரவும் பகலும் தொடர்ந்து உழைப்பதும், பசியெடுக்கும் நேரத்தில் சமைப்பதும், பிறகு நெடுநேரம் உறங்குவதும் அவர் வழக்கமாயின. நேரத்துக்கு உண்ணச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

வந்து நான்கு திங்கள் முடியும் முன்பே, ஆகஸ்டு 4 அன்று, பிரித்தானியா போரில் இறங்கியது. டிரினிட்டி கல்லூரியின் முற்றம் ஒன்றில் காயமுற்ற வீரர்க்குக் கட்டில்கள் இடப்பட்டன. மாணவர் பலர் படையில் சேர்ந்தனர். லிட்டில்வுட்டும் பீரங்கிப் படைப் பணிக்குச் சென்றார். நெடுந்தொலைவு கடந்து இராமானுஜன் தேடிவந்த அறிஞர் கூட்டம் அவர் கண்முன்னே கலைந்தது, ஹார்டி எஞ்சினார். கடல்வழி இடர் மிகுந்ததாக மாறியது. ஊரிலிருந்து வரும் பொதிகளும் மடல்களும் காலந்தாழ்ந்தன. தாய்க்கு எழுதிய மடல்களில் அவர் போரைப் பற்றி விரிவாக எழுதினார். தாம் இருக்கும் ஊருக்கு இடரில்லை என்று ஆறுதலும் கூறினார்.

அவ்விலையுதிர் காலத்தில்தான் அவருக்கு ஓர் இந்திய நண்பர் வாய்த்தார். கிங்ஸ் கல்லூரியில் பயின்ற வங்க மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு அவர். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் இவரே. தமிழரும் வங்காளியும் ஆங்கிலத்தில் உரையாடிக்கொண்டு ஞாயிறு காலைகளில் நெடுந்தொலைவு நடந்தனர்.

குளிர் மிகுந்த ஒரு நாள் மகலனோபிசு இராமானுஜனின் அறைக்கு வந்தார். இராமானுஜன் கணப்பின் அருகே அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்குகிறதா என்று நண்பர் வினவினார். தாங்கவில்லை என்றும், மேலங்கியைக் கழற்றாமல் அதன்மேல் சால்வையும் போர்த்தியே உறங்குவதாகவும் இராமானுஜன் கூறினார். போர்வைகள் போதவில்லை போலும் என எண்ணி மகலனோபிசு படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. ஆங்கில முறைப்படி அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பையும் இட்டிருந்தனர். கம்பளியை விலக்கி அதன் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அதுவரை ஒருவரும் இராமானுஜனுக்குச் சொல்லவில்லை. அவர் ஒவ்வோர் இரவும் அத்தனை கம்பளிகளுக்கும் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். பாயில் படுத்து மேலே ஒன்றைப் போர்த்திக்கொள்ளும் வழக்கமுள்ள நாட்டிலிருந்து வந்தவருக்கு அது எவ்வாறு தெரியும்? மகலனோபிசு கம்பளியை மடித்து விலக்கிக் காட்டினார். அவருக்கு அந்நிகழ்ச்சி வேடிக்கையாகத் தோன்றவில்லை, உள்ளத்தை உருக்கியது.

அறியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று எண்ணத் தோன்றும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதே புதிய நாட்டில் விளங்குவதில்லை. மேலும் இராமானுஜன் கூச்சம் மிக்கவர். எண்களின் முன்னே மட்டும் அந்தக் கூச்சம் அவரை விட்டு அகன்றது.

அதே குளிர்காலத்தில் நிகழ்ந்தது இது. பகலுணவுக்கு வந்திருந்த மகலனோபிசு, ‘ஸ்டிராண்டு’ என்னும் இதழில் வந்த புதிர் ஒன்றை வாய்விட்டுப் படித்தார். இராமானுஜன் அப்போது அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு நீண்ட தெரு. அதன் ஒரு பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என எண்கள் இட்டுள்ளனர். ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள வீட்டெண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குக் கீழ். அவ்வீட்டின் எண் யாது?

எட்டே வீடுகள் என்றால் விடை எளிது. ஆறாம் வீட்டுக்கு முன்னுள்ள 1, 2, 3, 4, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 15. பின்னுள்ள 7, 8 ஆகியவற்றைக் கூட்டினாலும் 15. வீடுகள் 49 என்றால் 35ஆம் வீடு அவ்வாறு அமையும். மகலனோபிசு சில நிமிடங்கள் முயன்று, 288 வீடுகளில் 204ஆம் வீடு என்று விடை கண்டிருந்தார். இராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலே, எழுதிக்கொள்ளுமாறு கூறி ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதன் முதல் உறுப்பு இதழ் கேட்ட விடையைத் தந்தது. அடுத்தடுத்த உறுப்புகள், வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாவிட்டால் கிடைக்கக்கூடிய விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தன. எவ்வாறு கண்டார் என்று நண்பர் வியந்தார். கேள்வியைக் கேட்டதுமே விடை ஒரு தொடர் பின்னமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது, எந்தப் பின்னம் என்று எண்ணினேன், வந்துவிட்டது என்னும் கருத்துப்பட அவர் விளக்கினார். பிறகு இருவரும் உணவு கொண்டனர்.

அடுத்த ஆண்டு, 1915இல், மிகுதியான வகுஎண்களைக் கொண்ட பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. 1916 மார்ச்சில் அவ்வாராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. தாயகத்தில் இருமுறை கைநழுவிய பட்டம் அது. 1917இல் உடல் நலிந்து மருத்துவமனைகளில் தங்க நேர்ந்தது. அங்கும் உணவே பெரும் போராட்டமாயிற்று. 1918இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் ஆய்வுறுப்பினராக ஏற்றது.

இரண்டு ஆண்டு என்று எண்ணிச் சென்றவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1919 மார்ச் இறுதியில், பம்பாய்த் துறையில் இறங்கினார். மெலிந்திருந்தார். தாயும் தம்பியும் கரையில் காத்திருந்தனர். அவர் கண்கள் மூன்றாவதாக ஒருவரைத் தேடின. ஜானகி எங்கே என்று கேட்டார். ஜானகி அப்போது தம் பெற்றோர் ஊரில் இருந்தார். பின்னர்ச் சென்னையில் கணவருடன் வந்து சேர்ந்து, 1920 ஏப்ரல் 26 அன்று இராமானுஜன் மறையும் வரை உடனிருந்தார். அந்த ஓராண்டு முழுதும் அவர் நேரம் பார்த்து உணவளித்தார். வலி மிகும்போது ஒத்தடம் கொடுத்தார். கணவர் கேட்கும்போதெல்லாம் எழுதுவதற்குத் தாள்களை எடுத்துத் தந்து, எழுதி முடித்தவற்றைப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்.